கதையில் பிழைத்தவள்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் என் மகள் டாக்டர். செய்யூர் பக்கம் வேர்க்கடலை போட்டு, சவுக்கு வெட்டி விற்று அவளைப் படிக்க வைத்தோம். கடப்பாக்கத்தில் அவள் கிளினிக் வைத்த பிறகு, பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுப்பார்கள். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அந்தக் கிளினிக்கை அவளே பூட்டினாள். மீன்காரக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்குத் தலைப்பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகையில், வழியிலேயே என் மகள் மடியில் உயிர் போய்விட்டது. அவள் மேல் தப்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் மட்டும் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

அது நாவலாக வந்தது. சென்னையில் மேடை போட்டு அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுதி முடித்துவிட்டாள், இனி கிளினிக்கைத் திறப்பாள் என்று நினைத்துக்கொண்டே கை தட்டினேன்.

என் நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா அண்ணி, ஊசி போட்டுகினு இருந்த பொண்ணு இப்ப கதை வுடுதாமே?"

"வுடட்டுமே. நீ காலம்பூரா வுட்ட கதைக்கு எவனாச்சும் சால்வ போட்டானா?"

ஒரு மதியம், இறந்த பெண்ணின் அம்மா வந்தாள். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தாள். கூடையை வாசலில் இறக்கினாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"டாக்டரம்மா, எம் பொண்ண வெச்சி புக்கு போட்டுகிறியாமே. படி, கேக்குறேன்."

மகள் கடைசிப் பக்கங்களைப் பிரித்தாள். படித்தாள். நானும் அன்றுதான் முடிவைக் கேட்டேன். கதையில் வண்டி செங்கல்பட்டு போய்ச் சேர்ந்துவிடுகிறது. ரத்தம் ஏற்றுகிறார்கள். அந்தப் பெண் கண் விழித்து, குழந்தை எங்கே என்று கேட்கிறாள். அத்தோடு முடிகிறது.

"பொழச்சிகினாளா?"

"கதையிலதாம்மா."

"அது தெரியாதா எனக்கு? நாந்தான குளிப்பாட்டி அனுப்புனேன்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்பால, புள்ளைக்குப் பால் குடுத்தாளா?"

"அத எழுதலம்மா."

"ஏன் எழுதல? எங்க வூட்டுல கீற புள்ள புட்டிப்பாலுலதான் வளருது. இந்தப் புள்ளயாச்சும் குடிக்கட்டுமே. எழுதும்மா."

மகள் தலையாட்டினாள். நான் குறுக்கே பேசினேன்: "அதெல்லாம் அச்சாயிடிச்சிம்மா. அவ இனிமே கிளினிக் தொறக்கப் போறா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மோர் எடுத்துவர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, தன் மகள் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள், தூக்கத்தில் எப்படிச் சிரிப்பாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் மகள் எழுதிக்கொண்டிருந்தாள். கிளினிக் வைத்திருந்தபோது நோயாளி பேசினால் அவள் முகம் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது.

கிளினிக் கட்டடத்தின் சொந்தக்காரர் வெகுநாளாகச் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் இழுத்தடித்து வந்தேன். மறுநாள் கடப்பாக்கம் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.