கிளாரி வேலிக்கு இன்னொரு கட்டை

மெர்வின் டிரான்டரும் மகள் கிளெனிஸும் சேர்ந்து கடைசியாகச் செய்த காரியம், பக்கத்து வீட்டுத் தைலமரத்தடியில் முட்டி போட்டுக் கோலாக் கரடியின் புழுக்கை பொறுக்கியது. மெர்வ் ஒன்றை நசுக்கி மோந்து பார்த்தார்.

"ஈரமா இருக்கு. பய இன்னும் மேலதான் இருக்கான். மோந்து பாரேன்."

"வேணாம்ப்பா."

"பாலம் கட்டுற என்ஜினியரு. புழுக்கைக்குப் பயப்படுது."

அந்த வீட்டின் சொந்தக்காரர் கிளாரி, நாயைப் பிடித்தபடி படியில் நின்றார். "யோவ் மெர்வ், அப்பனும் மகளும் என் தோட்டத்துல என்ன, ஜெபமா?"

கிளாரிக்கு மெர்விடம் பழைய கோபம் ஒன்று உண்டு. மெர்வ் காய்ந்த புழுக்கைகளை இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டு வண்டியில் வைத்திருப்பார். ஒருநாள் கிளாரி ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டு, "பழைய சரக்கா? காரமே இல்லையே" என்றார். அவர் விழுங்கி முடிக்கும்வரை மெர்வ் வாயைத் திறக்கவில்லை.

இப்போது புதுக் கோபம். நாய்க்காகக் கிளாரி தகர வேலி போட்டார். வழவழத் தகரத்தில் கோலாவின் நகம் பிடிக்காது. லிஸ்மோர் ஊர் வெண்ணெய் ஆலையில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்த மெர்வுக்கு, எதுவும் நின்றுபோனால் பொறுக்காது. தன் பக்கம் வேலியில் ஒரு மரக்கட்டையைச் சாய்த்து வைத்தார். கோலா மரியாதையாக ஏறி, அந்தப் பக்கம் குதித்தது. அங்கே கட்டை இல்லை. போக வழி செய்த மனிதர், திரும்பி வர வழி செய்யவில்லை.

கிளாரி வீட்டில் இருந்தது ஒரே மரம். அதன் இலை தீர்ந்தால் கோலா கீழே இறங்கும். கீழே நாய்.

"ராத்திரி பூரா உன் கோலா உறுமுதுய்யா. எவனோ என் பைக்கைக் கிளப்புறான்னு பனியனோட ஓடினேன். தெருவே பார்த்துச்சு" என்றார் கிளாரி.

"ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கமும் கட்டை வச்சிடறேன். அதுவரைக்கும் நாயைக் கட்டிப் போடு."

"சரிவு நாப்பது டிகிரியைத் தாண்ட வேணாம்ப்பா" என்றாள் கிளெனிஸ்.

"அவன் ஸ்கேல் வச்சு ஏற மாட்டாம்மா."

சனிக்கிழமை காலை, ஒரு பூட்ஸை மாட்டிக்கொண்டு அடுத்ததற்குக் குனிந்தபோது மெர்வின் இதயம் நின்றது.

அடக்கம் முடிந்து வந்ததும் கிளெனிஸ் அப்பாவின் கொட்டகைக்குப் போனாள். கட்டை தயாராக இருந்தது. நகம் பிடிக்கட்டும் என்று பட்டையை உரிக்காமல் விட்டிருந்தார். அளவு சரி. அதை வேலியில் கட்டுவதற்குக் கம்பிதான் இல்லை.

வேலிக்கு மேல் கிளாரியின் தலை தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்னான்மா."

"தெரியும் அங்கிள்."

"நாய் வீட்டுக்குள்ளதான் இருக்கு. என் சோபால. நான் தரையில. அவசரமில்ல."

மேலே கோலா தூங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி இலை குறைந்திருந்தது. அவள் கட்டையை ஒரு முறை தூக்கிப் பார்த்தாள். அப்பா வாங்க வேண்டிய கம்பி இன்னும் ஊருக்குள் கடையிலேயே இருந்தது.