வெள்ளிக்கிழமை அண்டா

கோவளத்து மீனவர் வீட்டில் பிறந்தும், கட்டுமரத்தில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும் உடம்போடு கௌரவமாகப் பிழைத்தது. அம்மை போட்டு எல்லோரும் கைவிட்ட பிறகு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. ஹயாத் பாஷாவின் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்து, இருபத்து மூன்று வயதில் பிரியாணி ஆக்கும் பெரிய அண்டாவுக்கே பண்டாரியானது. என் தம்பி இன்னாசி இதுவரை வென்றவை இவை.

அண்டாவின் மூடிமேல் தணலை அள்ளிப் போட்டதும் இடுப்பிலிருந்து ஜெபமாலையை எடுப்பான். பிரியாணி தம்மில் கிடக்கும் நேரம்தான் அவனுக்கு ஜெப நேரம். மாலை ஒரு சுற்று முடிந்தால் அண்டா இறங்கும். கடையில் கடிகாரம் இருக்கிறது. அவன் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. "கெழ ஆடுன்னா மாதா பிரார்த்தனையும் சேத்துக்கணும்க்கா. இல்லாங்காட்டி வேவாது" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு வெங்காய வாசத்தோடு வந்து கடைசித் தூண் ஓரமாக நிற்பான். முடிந்ததும் கடைக்கு ஓட்டம். மற்ற நாளில் கோயிலின் பகல் மணி அடிக்கும்போது பந்தி நடந்துகொண்டிருக்கும். கரண்டியை இடக்கைக்கு மாற்றிச் சிலுவை போட்டுக்கொள்வான். ஒருநாள் மீன் வியாபாரி சௌகத் அலி தட்டை நீட்டிக்கொண்டே, "இன்னாபா, கறித்துண்டு போடறதுக்கும் மேலேர்ந்து உத்தரவு வரணுமா?" என்றார். "வந்துடுச்சு அண்ணாத்த. உனக்கு எலும்புதானாம்" என்றான் இவன்.

தர்காவுக்கு வருகிற கூட்டத்தால் வெள்ளிக்கிழமைதான் கடைக்குப் பெரிய நாள். இன்னாசிக்கு அது சுத்தபோசன நாள். இறைச்சி நாக்கில் படக்கூடாது. அதனால் வெள்ளிதோறும் உப்புப் பார்க்காமலே ஆக்கி வந்தான். கை சரியாக இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் ஒரு வெள்ளியன்று உப்பு கரித்துவிட்டது. பாதித் தட்டுகள் தொட்டும் தொடாமலும் திரும்பி வந்தன. விஷயம் அப்போதுதான் வெளிப்பட்டது.

"நாக்குல வெக்காம இன்னாடா பண்டாரி வேல?" என்று கத்தினார் ஹயாத் பாஷா. "வர்ற வெள்ளிக்கெழம நூர்முகமது வூட்டு நிக்காவு. மாமல்லபுரமே வந்து குந்தும். செங்கல்பட்டுலேர்ந்து ஒரு பண்டாரிய வரச் சொல்லிக்கீறேன். ருசி பாத்து ஆக்கினா நீ ஆக்கு. இல்லாங்காட்டி அண்டா இனிமே அவனுது."

இன்னாசி பங்குச் சாமியாரிடம் போனான். "நாக்குல வெச்சுப் பாத்துட்டுத் துப்பிடு. அதுல பாவமில்ல" என்றார் அவர்.

"துப்ப மாட்டேன் சாமி, முழுங்கிடுவேன். நான் ஆக்குன கறியாச்சே."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவனுக்கு வரவில்லை. அன்று மாலை அடுப்படியில் சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தான். முதலாளியின் மனைவி சைதூன் உள்ளே வந்தார். பின்னாலேயே ஹயாத் பாஷாவும் வந்தார்.

"நோம்பு மாசம் பூரா உங்களுக்கு ஆக்கிப் போட்டனே, பகல்ல நாக்குலயா வெச்சேன்?" என்று முதலில் கணவரைக் கேட்டார். பிறகு இன்னாசியிடம் திரும்பினார். "விடியறதுக்கு முன்னாலயே தயிர்ல உப்புப் போட்டு ருசி பாத்து வெச்சிடுவேன். நீயும் கறிக்குன்னு தனியா உப்புப் போடாத. எல்லா உப்பையும் தயிர்லயும் உலத்தண்ணியிலயும் போடு. கறி சேர்றதுக்கு முன்னாடியே ரெண்டையும் நக்கிப் பாத்துக்க. தயிருக்கு இன்னாடா வெள்ளிக்கெழம?"

ஹயாத் பாஷா அதற்குத் தலையாட்டினார். ஆனால் செங்கல்பட்டு ஆளை வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

நிக்காஹ் வீட்டுக்கு நானும் வெங்காயம் உரிக்கப் போயிருந்தேன். செங்கல்பட்டுப் பண்டாரி தன் கரண்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். இன்னாசி தயிரை மூன்று தரம் நக்கிப் பார்த்தான். உலைத்தண்ணீரை உள்ளங்கையில் விட்டு உறிஞ்சினான். அதற்குப் பிறகு எதையும் வாயருகே கொண்டுபோகவில்லை.

மூடியைத் தூக்கியதும் ஆவி பந்தல்வரை எழுந்தது. ஹயாத் பாஷா ஒரு துண்டை எடுத்து மென்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னாசி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை மறுபடி அண்டாவுக்குள் போனது. இன்னொரு துண்டு. மூன்றாம் தரமும் நீண்டது.

"பந்திக்குப் பத்தாது பாய்" என்று சொல்லி, இன்னாசி மூடியைச் சாத்தினான்.