சிக்கந்தர் எந்த டீம்?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உத்தமபாளையத்தில் ஒரு பாஸ்கெட்பால் பைனல். சிறப்பு விருந்தினர் – அடியேன்!

சிரிக்காதீர்கள். பந்தைப் பிடித்தால் விரல் சுளுக்கிக்கொள்கிற ஆள் நான். கல்லூரி நாட்களில் கோர்ட் ஓரமாக மேஜை போட்டு உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதியதுதான் என் ஒரே விளையாட்டுத் தகுதி. ஆனால், வாராவாரம் பத்தி எழுதுகிறவன் ஊரில் எதற்கு வேண்டுமானாலும் தலைமை தாங்கலாம் போலிருக்கிறது.

நான் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம் சிக்கந்தர். ஒன்பதாம் வகுப்பிலிருந்து என் சிநேகிதன். அன்றைக்கு மஞ்சள் ஜெர்சி டீமுக்கு அவன் கெஸ்ட் பிளேயர்.

கெஸ்ட் பிளேயர் என்றால்? ஒரு டோர்னமென்ட்டுக்கு மட்டும் வெளியிலிருந்து கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிற ஆட்டக்காரர். கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுக்கிற அண்டா மாதிரி என்று அவனே சொல்வான். ஷூ அவனுடையது, முழங்கால் அவனுடையது. ஜெர்சி மட்டும் டீமுக்குச் சொந்தம். டோர்னமென்ட் முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். இத்தனை டீமுக்கு ஆடியவன் வீட்டில் ஒரு ஜெர்சி கிடையாது.

பதினெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. ஒரு வங்கி டீமில் எடுப்பதாகச் சொன்னார்கள். செலக்‌ஷனுக்கு முந்தின வாரம் முழங்கால் பிசகிக்கொண்டது. கோயம்புத்தூரில் ஒரு மில் டீம் சேர்த்துக்கொண்டது. இரண்டாவது வருடமே மில்காரர்கள் டீமைக் கலைத்துவிட்டார்கள். கோட்டயத்தில் ஒரு சீசன் ஆடினான். தடபுடலாக ஆரம்பித்த ஒரு லீக்கில் நாலு மாதம்... அந்த லீக்கும் அந்த வருடத்தோடு சரி. மிச்சமெல்லாம் பஸ் பயணமும் கெஸ்ட் ஆட்டமும்தான்.

அவன் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். அத்தா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு, பாஸ்கெட்பால் என்றிருக்கிறாள். அது சரிம்மா, வேலை என்ன பார்க்கிறார் என்று டீச்சர் மறுபடியும் கேட்டாராம். சொல்லிவிட்டு சிக்கந்தர் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பைனலுக்கு முந்தின நாள் பழனிசெட்டிபட்டியில் என் வீட்டுக்கு வந்திருந்தான். திருச்சிப் பக்கம் ஒரு காலேஜில் கோச் வேலை காலியாம். நிரந்தர வேலை. அந்தக் காலேஜின் ஸ்போர்ட்ஸ் டைரக்டர் பைனலைப் பார்க்க வருகிறாராம். வயது முப்பத்தாறு ஆகிவிட்டது, முழங்கால் இன்னும் ஒரு வருடம் தாங்கினால் அதிசயம், இதை விட்டால் வேறு வழியில்லை என்றான். நான் வேண்டுமானால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மாப்ள. சிபாரிசுல போனான்னு ஒரு பேரு எதுக்கு? நான் ஆடுறதப் பாத்துட்டு எடுத்தாகன்னா போதும்."

என்ன ஆட்டம் ஆடினான் தெரியுமா அன்றைக்கு! முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவர்களைத் திணற அடித்தான். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த டைரக்டர் இரண்டு முறை தலையை ஆட்டினார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி எட்டு வினாடி. மஞ்சள் ஒரு பாயிண்ட் முன்னால். எதிரே பச்சை ஜெர்சி டீம். அவர்கள் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. நாலு பேருக்கு நடுவே எம்பி அதைப் பிடித்தது சிக்கந்தர்தான். பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாலே போதும், கோப்பை மஞ்சளுக்கு. வேலை அவனுக்கு. நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

பிடித்த வேகத்தில் வலது பக்கம் திரும்பி, பார்க்காமலே ஒரு பாஸ் போட்டான்.

அங்கே நின்றது பிரபு. பச்சை டீம் பிரபு!

பிரபுவே ஒரு கணம் விழித்தான். அப்புறம் பந்தை வளையத்துக்குள் போட்டான். ஆட்டம் முடிந்த விசில் ஊதிவிட்டார்கள். கோப்பை பச்சைக்கு.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். போன மாதம் ஆண்டிபட்டி டோர்னமென்ட்டில் சிக்கந்தர் இதே பச்சை டீமுக்குக் கெஸ்ட். மூன்று வாரம் அவர்களோடு பயிற்சி. பந்து கைக்கு வந்தால் வலது பக்கம் பிரபு நிற்பான், பார்க்காமல் போடு – இதைத்தான் தினமும் பழகினார்கள். அங்கே இதே பாஸுக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

"வெல போயிட்டான்யா" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். சிக்கந்தர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டைரக்டர் என் பக்கம் சாய்ந்தார். "நல்லாத்தான் ஆடுறாரு. ஆனா இந்தப் பேச்சு காலேஜ் வரைக்கும் வந்துரும்ல சார்?" என்றார்.

இல்லை சார், இது வேறு விஷயம் என்று நான் ஆரம்பித்திருக்க வேண்டும். ஆண்டிபட்டிக் கதையைச் சொல்ல அரை நிமிஷம் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆமாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஊரே திட்டுகிற ஒருவனுக்குப் பக்கத்தில் என் பெயர் நிற்க வேண்டாம் என்ற பயம்தான், வேறென்ன? அவனே சிபாரிசு வேண்டாம் என்றானே என்று மனசு ஒரு சாக்கும் சொன்னது. உண்மையைச் சொல்வது எப்படி ஐயா சிபாரிசாகும்?

அப்புறம் மைக்கைக் கொடுத்தார்கள். அப்போதாவது சொன்னேனா? வெற்றி தோல்வி சகஜம் என்று பத்து நிமிஷம் முழங்கினேன். பேசி முடிப்பதற்குள் டைரக்டரின் நாற்காலி காலி. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டு பீரோவில் ஏற்கெனவே ஒரு தட்டு நிறையப் பொன்னாடை இருக்கிறது.

கீழே இறங்கினேன். மஞ்சள் டீம் மேனேஜர் சிக்கந்தரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஜெர்சிக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரவும் விடவில்லை. அங்கேயே கழற்றினான். நாலாக மடித்துக் கொடுத்தான். வியர்வையில் ஒட்டிய பனியனோடு, ஆட்கள் பார்க்க நின்றான்.

"கை பழகுனத போட்ருச்சு மாப்ள," என்றான். "காலேஜ்காரவுக என்ன சொன்னாக?"

அவமானமாக இருந்தது. என் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து அவன் தோளில் போட்டேன்.

அவன் அதன் ஜரிகைக் கரையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இதையும் திருப்பிக் குடுக்கணுமா மாப்ள?"