துரைப்பாண்டி என்ற பெண் குழந்தை

1. செகண்ட் ஷிப்ட்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முதலுதவி மையத்து நர்ஸாக இருந்து, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். இரண்டு கட்டில், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், வாசலில் ஆம்புலன்ஸ். கையில் தகட்டுக் கீறல், சாப்பிடாமல் ஓவர்டைம் பார்த்து மயங்கி விழும் பையன்கள், இதுதான் அன்றாடம். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள், "ரொம்ப பயந்தது எப்போ சிஸ்டர்?" என்று கேட்பார்கள். ரத்தத்தைக் கண்டு நான் பயந்ததில்லை. ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கிற விஷயத்தில்தான் பயந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள், செகண்ட் ஷிப்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பிலிருந்து போன் வந்தது. ஃபோர்க்லிஃப்ட் இடித்து, அடுக்கியிருந்த இரும்புப் பெட்டிகள் சரிந்து, ஒரு பையன் அடியில் மாட்டிக்கொண்டான். ஓடிப் போய்ப் பார்த்தால், அங்கே வேலை பார்க்கும் துரைப்பாண்டி. ஹெல்மெட் இருந்ததால் உயிர் இருந்தது. நினைவு இல்லை.

அது அவன் ஷிப்டே இல்லை. அவன் நண்பன் மாரியப்பனுடையது. மாரியின் மனைவி கனகாவுக்கு மதியம் வலி எடுத்துவிட்டது. "நீ கெளம்புல, நான் பாத்துக்கிடுதேன்" என்று துரை லைனில் நின்றிருக்கிறான். இருவரும் திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரே தெரு. மாரியை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் துரைதான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் நானும் போனேன். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பும்போது சூப்பர்வைசர் தன் போனைக் காட்டினார். மாரி போட்டோ அனுப்பியிருந்தான். பெண் குழந்தை.

"இப்ப மாரிகிட்ட இன்னான்னு சொல்றது சிஸ்டர்?" என்றார்.

2. மாடியில் ஒரு தாய்

மறுநாள் துரையின் அம்மா செல்லத்தாயி ஒரு மஞ்சள் பையோடு வந்து இறங்கினார். அப்பா இல்லை, ஒரே பிள்ளை. பையன்கள் தங்கும் ரூமில் அந்த அம்மாவை எப்படி வைப்பது? படப்பையில் என் வீட்டு மாடி காலியாக இருந்தது. கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தினமும் விசிட்டிங் நேரத்துக்கு அவரை அழைத்துப்போக ஷிப்டையும் மாற்றி வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்தும் துரை விழிக்கவில்லை. எனக்கு ஒரு கெட்ட குணம், பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அந்த நாட்களில் என்னிடம் திட்டு வாங்காதவர்கள் இல்லை. எச்.ஆர். மானேஜர் கூப்பிட்டு, "சிஸ்டர், அந்தப் பையன் லாக்கர் சாவி யார்கிட்ட இருக்கு? புது ட்ரெயினிக்குக் குடுக்கணும்" என்றார்.

"அவன் வருவான் சார். அது வரைக்கும் பூட்டியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திராமல் வந்துவிட்டேன். ரூம் பையன்களும் அவன் பாய்க்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாடகையைப் பிரித்துக்கொள்ள வேண்டுமே, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மாரிதான் பாவம். குழந்தையைத் தூக்கவே கூசுகிறான் என்று கனகா போனில் அழுதாள். ஒரு நாள் ஐ.சி.யு. வாசலில், ஏதோ தீர்வு கண்டவன்போல் முகம் தெளிந்து வந்து நின்றான்.

"பெரியம்மா, பதினாறாம் நாள் பேர் விடுதோம். பிள்ளைக்குத் துரைப்பாண்டின்னு விடப் போறேன்."

செல்லத்தாயியின் கையிலிருந்த டீ கீழே கொட்டியது.

"ஏல, எம்புள்ள உள்ள மூச்சு விட்டுக்கிட்டுதான கெடக்கான்? பொட்டப்பிள்ளைக்கு ஆம்பள பேர எப்பம்ல விடுவாவ? அல்பாயுசுல போனவன் பேரு அழிஞ்சிரக் கூடாதுன்னுதான விடுவாவ? அவன் போயிட்டான்னு நீயே முடிவு கட்டிட்டியா?"

மாரி விக்கித்துப் போனான். "அப்பிடி நெனைக்கல பெரியம்மா. அவன் நிக்க வேண்டிய எடமா அது? நான்லா நின்னிருக்கணும். நான் வேற என்னத்தக் குடுப்பேன்?"

"ஒண்ணும் குடுக்காண்டாம். எடுக்காம இரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பிரஸ் ஷாப் பையன்களைப் பற்றி அத்தனை வருஷம் கழித்தும் எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

3. வல்லம் வளைவில் ப்ளெக்ஸ்

எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் காதுகுத்தோ, கல்யாணமோ, யாராவது இறந்தாலோ ப்ளெக்ஸ் அடித்தாக வேண்டும். மாரி முதலில் சொன்ன பேரை வைத்து, அவனைக் கேட்காமலே லைன் பையன்கள் ப்ளெக்ஸ் அடித்துக் கட்டியும் விட்டார்கள். இது மாரிக்கே தெரியாது.

விசேஷத்துக்கு முந்தின நாள். ஒரகடம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோ மாறி, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். வல்லம் வடகால் பக்கம் திரும்பும்போது செல்லத்தாயி என் கையை இறுக்கிப் பிடித்தார். ரோட்டோரம் ஆளுயர ப்ளெக்ஸ். நடுவில் துரையின் படம், வெள்ளைச் சட்டையில், சிரித்துக்கொண்டு. சுற்றிலும் பூ அலங்காரம். கீழே வரிசையாகப் பையன்களின் சின்னச் சின்னப் படங்கள். குழந்தையின் படம் ஒரு மூலையில், உள்ளங்கை அளவுக்கு.

அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. படம் தெரியும். இந்த மாதிரிப் படம் ரோட்டோரம் எப்போது வரும் என்பதும் தெரியும்.

"எப்பம் போனான்? ஏன் எங்கிட்ட மறைச்சிய?"

"ஐயோ, இல்லம்மா! இது பேர் வெக்கிறதுக்குப் போட்டிருக்கானுங்க. துரைப்பாண்டி, பெயர் சூட்டு விழான்னு போட்டுகீது பாருங்க!"

"பொய் சொல்லாதிய தாயி!"

ஆட்டோ நிற்பதற்குள் இறங்கப் போனார். ரோட்டோரத்தில் அப்படியே சரிந்து உட்கார்ந்து, ஐயோ எம்புள்ள என்று ஒரே கத்தல். கம்பெனி பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து எச்.ஆர். மானேஜர் போன். "சிஸ்டர், ஏதோ ப்ளெக்ஸ்ல நம்ம கம்பெனி பேரைப் போட்டிருக்கானுங்களாமே? உடனே கழட்டச் சொல்லுங்க."

நான் என்ன பதில் சொன்னேன் என்பது அச்சில் ஏறாது.

செல்லத்தாயியைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனோம். அந்த வழி முழுக்க எனக்கும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஒருவேளை உண்மையிலேயே ஏதாவது ஆகியிருந்தால்? எனக்குத் தெரியாமல் அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருந்தால்? நர்ஸ்தான், ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்தபின் என் புத்தியும் வேலை செய்யவில்லை. ஐ.சி.யு. கண்ணாடி வழியே அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

சேதி தெரிந்து மாரியும் கனகாவும் ஓடி வந்தார்கள். கனகா கையில் பச்சைக் குழந்தை. "ஆஸ்பத்திரிக்கு இத தூக்கினு வருவியா? அறிவு கீதா உனக்கு?" என்று கத்தினேன். அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. செல்லத்தாயியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, ப்ளெக்ஸக் கழத்தியாச்சு. நாளைக்கு விசேஷமும் கெடையாது. பேரு அண்ணனோடது. அண்ணன் எந்திரிச்சு அது வாயால குடுத்தா வாங்கிக்கிடுவோம். அது வரைக்கும் இவ பேரில்லாமலே கெடக்கட்டும்."

செல்லத்தாயி குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

4. டாக்டரின் கேள்வி

பதினாறாம் நாள் பெயரில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகும் பல வாரம் குழந்தை வெறும் 'பாப்பா'தான். துரை கண் திறந்தான். வென்டிலேட்டரை எடுத்து வார்டுக்கு மாற்றினார்கள். ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை, ஒரு வார்த்தை வரவில்லை. தலையில் அடிபட்டவர்களிடம் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வியை ஒரு இளம் லேடி டாக்டர் தினமும் கேட்பார்.

"உங்க பேர் என்ன?"

அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். "சொல்லுய்யா, சொல்லு" என்று செல்லத்தாயி கெஞ்சுவார். பதில் வராது. டாக்டர் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். இப்படியே நின்றுவிடுகிற நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் டாக்டர் கேள்வி கேட்டு முடித்து நின்றபோது செல்லத்தாயியே கனகாவைக் கூப்பிட்டார். "பிள்ளைய அவன் கிட்டக்க படுக்கப் போடு."

டாக்டர் என்னைப் பார்த்தார். விடுங்கள் என்று கண் காட்டினேன். குழந்தை அவன் தோளில் முகம் உரசி முனகியது. மாரி குனிந்தான்.

"ஏல துரை, இது எம்பிள்ள. இன்னும் பேர் விடல. நீதான் விடணும். அவ காதுல சொல்லுல."

துரை தலையை மெதுவாகத் திருப்பினான். குழந்தையைப் பார்த்தான். மாரியைப் பார்த்தான். உதடு ஒட்டிப் போயிருந்தது, ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டேன். டாக்டர்கூட நகரவில்லை.

"தொர..." என்றான். பிறகு, "தொரப்பாண்டி."

அந்தச் சின்னக் காதில்தான் சொன்னான். நான் வார்டில் அழக் கூடாது என்று எத்தனை பெண்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! அன்று வாய்விட்டு அழுதேன். செல்லத்தாயி அழவில்லை. மகனின் நெற்றியைத் தடவி, "இன்னும் ரெண்டு தடவ சொல்லணும்யா. மூணு தடவ சொன்னாத்தான் பேரு நிக்கும்" என்றார். சொன்னான்.

டாக்டர் தன் கேள்விக்கும் பதில் வந்துவிட்டதாகக் குறித்துக்கொண்டார்.

5. புதியவர்களுக்கு

துரை இப்போது ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலையில் இருக்கிறான். இடது கால் கொஞ்சம் இழுக்கும். லாக்கர் அதேதான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆள் பேசாமல் கிடக்கிறான் என்பதற்காக அவனுடைய எதையும் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். லாக்கரை, பாயை, பெயரை, எதையும். அன்போடு கொடுத்தாலும் அவன் அம்மாவுக்கு அது இழவாகத்தான் தெரியும். காத்திருங்கள், தினமும் அவனையே கேளுங்கள்.

போன தடவை வல்லத்தில் மாரி வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நான்தான் அழைத்து வந்தேன். இரட்டைப் பின்னல், முழங்காலில் காயம். வாசலில் புது டீச்சர், "துரைப்பாண்டியா? ஆம்பள பேராச்சே, யாரு வெச்சது உனக்கு?" என்று சிரித்தார்.

"எங்க மாமா பேரு டீச்சர்" என்றாள். "அவங்களே குடுத்தாங்க."