ஆறாம் நம்பர் ரோடும் அஞ்சு பட்டையும்

ஸ்பிரிங் வேலை செய்யறவன் தலைவிதி என்னன்னா, வேலை தப்பாப் போனா தோட்டமே கத்தும், சரியா இருந்தா ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க. மலைத் தோட்டத்துல டிராக்டருக்குப் பின்னால டிரெய்லர்ல ஏறிப் போய் இடுப்பு கழண்டவங்க யாராச்சும் இதைப் படிச்சா, நான் சொல்றது பொய்யில்லைன்னு உங்க முதுகே சாட்சி சொல்லும். மத்தவங்க என்னை நம்பித்தான் ஆகணும்.

பேப்பர்ல இருந்த தொழில்

சிலோன்ல நான் தோட்டத்து ஒர்க்‌ஷாப்புல லாரிக்கு ஸ்பிரிங் கட்டுற ஆளு. ரெண்டு நாட்டு ஒப்பந்தப்படி எங்களை இந்தியாவுக்கு அனுப்பினப்ப, குடும்ப அட்டை எழுதின கிளார்க் தலையைத் தூக்காமலே 'தோட்டத் தொழிலாளி'ன்னு எழுதிட்டார். கப்பல், முகாம், ரயில்னு அலைஞ்சு தேவாலாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல வந்து இறங்கினா, அந்தப் பேப்பர் சொன்னதுதான் சட்டம். தோட்டத்து மானேஜரை நாங்க தொரைன்னுதான் சொல்லுவோம். அவர்கிட்ட நான் ஃபிட்டர்னு சொன்னேன். சர்டிபிகேட் கேட்டார். கையை நீட்டி, கிரீஸ் ஏறின நகத்தைக் காமிச்சேன். அவர் பார்த்துட்டு மண்வெட்டியைக் குடுத்து, மழைத்தண்ணி ஓட வாய்க்கால் வெட்ட அனுப்பிட்டார்.

வேலைக்குப் போறது டிரெய்லர்லதான். காலையில ஆளுங்களை ஏத்தும், சாயங்காலம் கொழுந்தோட சேர்த்து ஆளுங்களைத் திருப்பிக் கொண்டு வரும். சக்கரத்து அச்சு மேல நேரா சட்டத்தை வச்சு முடுக்கியிருந்தாங்க, ஸ்பிரிங்குங்கற பேச்சே இல்ல. ஆறாம் நம்பர் மலைக்குப் போற ரோடு முழுக்க உருண்டைக் கல்லு. என் பொண்டாட்டி பாக்கியம் ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால தாடையைத் தாங்கிக்கிட்டு நின்னா. வெத்தலை போட்ட வாயி, நாக்கு கடிபட்டுடும்னு பயம். தொழில் தெரிஞ்சவன் ஒருத்தன் ஏறிப் போற வண்டியா இதுன்னு எனக்கு மானமே போச்சு. இறங்கினதும் டிரைவர் ரங்கசாமிகிட்ட, ஒரு கட்டு ஸ்பிரிங் போட்டா அலுங்காமப் போகும்னேன். அவரு கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறின குடும்பம். கோவம் வந்தாலும் மரியாதை குறையாது.

"ஏனுங்க சிலோன்காரரே, இதென்ன கல்யாணக் காருங்களா? கொழுந்து வண்டிங்க."

கை சூடா, வண்டி குலுக்கலா

ஃபேக்டரிக்கு வர்ற கொழுந்து பாதி சிவந்து போய் வருதுன்னு, தேத்தூள் தயாரிக்கிற டீமேக்கர் புகார் பண்ணினார். அடிபட்ட கொழுந்து வாட்டுறதுக்கு முன்னாடியே சிவந்துடும், அப்புறம் அதுல நல்ல தேத்தூள் வராது. தொரை நேரா பொம்பளைங்க மேல பாய்ஞ்சார். கை நிறையக் கிள்ளி இறுக்கிப் பிடிக்கிறீங்க, கை சூட்டுல சிவக்குதுன்னு எல்லார் முன்னாடியும் பாக்கியத்தை நிறுத்தி வச்சுத் திட்டினார். அவ கொழுந்து எடுக்கிற கையை நான் பார்த்திருக்கேன், பூக்கட்டுற கை மாதிரி இருக்கும். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

சாயங்காலம் அவ கூடையை அப்படியே என் தலையில தூக்கி வச்சுக்கிட்டு, ஆறாம் நம்பர் மலையில இருந்து ஃபேக்டரி வரைக்கும் நடந்தே வந்தேன். டிரெய்லர்ல வந்த கொழுந்து ஒரு கை, என் கூடைக் கொழுந்து ஒரு கை, ரெண்டையும் தொரை மேசையில வச்சேன். ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சை. தப்பு கையில இல்லைங்க, வண்டியில இருக்கு, ஸ்பிரிங் போட்டு நான் சரி பண்றேன்னேன். தொரை ரொம்ப நேரம் ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தார்.

"ஒரு மாசம் தாறேன். சிவக்காம வந்தா நீ ஃபிட்டர். இல்லேன்னா சாகுற வரைக்கும் மண்வெட்டிதான், இந்த ஆபீஸ் பக்கமே வரக்கூடாது."

பொட்டு வச்ச லாரி

ஃபேக்டரிக்குப் பின்னால ஒரு பழைய லாரி செத்துக் கிடந்துச்சு. இஞ்சின் இல்ல, கதவு இல்ல, தரைப் பலகை வழியாப் புல்லு முளைச்சிருந்துச்சு. ஆனா பின்பக்கத்து ஸ்பிரிங் ரெண்டும் கல்லு மாதிரி இருந்துச்சு. ஜாக்கி வச்சுத் தூக்கி போல்ட்டுல ஸ்பேனரை மாட்டிட்டேன். அப்பதான் ரங்கசாமி ஓடி வந்தார். அந்த லாரியை ஓட்டினவரு அவருதானாம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தச் செத்த லாரிக்குப் பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் கட்டிட்டுத்தான் டிராக்டருக்குப் பூஜை பண்ணுவாராம். பம்பர்ல பழைய சந்தனம் இருந்துச்சு, நான்தான் துருன்னு நினைச்சேன்.

தப்பு என் மேலதான். தோட்டத்து இரும்புதானேன்னு ஓட்டின மனுஷனைக் கேக்காமக் கைய வச்சுட்டேன். ஸ்பேனரைக் கீழ வச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் நானே சூடம் வாங்கிட்டுப் போய் லாரி முன்னாடி கொளுத்தி, இனிமே உன் காலு இன்னொரு வண்டியில ஓடப் போகுதுன்னு சத்தமாச் சொன்னேன். ரங்கசாமி பக்கத்துல நின்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டார். அப்புறம் கீழ கிடந்த ஸ்பேனரை அவரே எடுத்து என் கையில குடுத்தார்.

"எடுத்துக்கங்க. முன்னாடி ஸ்பிரிங் பட்டையை மட்டும் தொட்றாதீங்க, நிக்கிற எடத்துலயாவது நேரா நிக்கட்டும்."

ஒம்பது பட்டை

இப்ப என் பெருமைக்கு விழுந்த அடியையும் சொல்லிடறேன். லாரியில ஒரு பக்கத்து ஸ்பிரிங்குக்கு ஒம்பது இரும்புப் பட்டை. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இறுக்குன அந்த ஒம்பதையும் அப்படியே டிரெய்லர்ல மாட்டினேன். யூ போல்ட், பின், கிரீஸ், எல்லாம் கச்சிதம். மூணு தடவை சுத்தி வந்து என் வேலையை நானே ரசிச்சேன்.

காலையில பொம்பளைங்க ஏறினாங்க. முதல் கல்லுலயே வண்டி துள்ளுச்சு, ரெண்டாவது கல்லுல எல்லாரும் துள்ளினாங்க. அரிசி மூட்டை ஏத்தற லாரியோட ஸ்பிரிங், இருபது பொம்பளைங்களுக்கு மடங்கவே இல்ல. கொழுந்து அதைவிட எடை கம்மி. சின்னப் பையன் யோசிச்சிருந்தாக்கூட இது தெரிஞ்சிருக்கும். பாரத்தைப் பார்க்காம இரும்பைப் பார்த்துட்டேன். அன்னிக்கே பிரிச்சு, அடியில இருந்த நாலு குட்டைப் பட்டையை உருவிட்டு, அஞ்சே அஞ்சு விட்டேன். பட்டைக்கு நடுவுல கிரீஸ் தடவினேன். அடுத்த நாள் வண்டி ஆறாம் நம்பர் ரோட்டுல மெதுவா ஏறி மெதுவா இறங்குச்சு. ஆனா பாக்கியம் முதல் நாள் சொன்னதை இன்னும் யாரும் மறக்கல.

"பழைய வண்டி இடுப்பைத்தானே ஒடிச்சுச்சு, உங்க வண்டி ஆளையே தூக்கி எறியுதே."

அமுங்காத கொழுந்து

கொழுந்து இனி பச்சையாத்தான் வரும்னு ஃபேக்டரி வாசல்ல நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். வந்தது சிவப்பு. முன்னைவிட மோசம்.

விசாரிச்சாத்தான் விஷயம் தெரிஞ்சுது. பழைய வண்டியில குலுங்குற குலுக்கல்ல கொழுந்து தானா அமுங்கி, மூணு மலைக் கொழுந்தும் ஒரே நடையில அடங்கிடும். இப்ப வண்டி குலுங்கலையா, கொழுந்தும் அமுங்கல. ரெண்டாவது மலையிலயே நிறைஞ்சு வழியுது. மூணாவது மலையில மழையில கொழுந்தோட நிக்கிற பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க? நாலு பேரு வண்டிக்குள்ள ஏறி, நெல்லு மிதிக்கிற மாதிரி மிதிச்சு அமுக்கியிருக்காங்க. என் பாக்கியமும் அதுல ஒருத்தி. என் வண்டியைக் காப்பாத்தறதா நினைச்சுத்தான் மிதிச்சாளாம். மாசம் முடிய மூணே நாள் இருந்துச்சு. கூடலூர்ப் பக்கத்து மலையாளி டீமேக்கர் ஒரு பிடி கொழுந்தை என் முகத்துக்கு நேரா நீட்டினார்.

"எந்தாடோ இது? வண்டிக்கு மெத்தை, கொழுந்துக்கு மிதியா?"

மேல் பலகை

வீட்டுல சோத்துல கை வச்சபடி கணக்குப் போட்டேன். ரெண்டு நடை போக டிராக்டருக்கு நேரமில்ல, வண்டியைப் பெருசாக்க ரோட்டுல இடமில்ல. பாக்கியம் எதிர்ல உக்காந்து, நாம மண்டபம் முகாம்ல இருந்து ரயில்ல எப்படி வந்தோம்னு கேட்டா. பெட்டி முழுக்கச் சனம், உக்கார இடமில்லாம பிள்ளைங்களையெல்லாம் சாமான் வைக்கிற மேல் பலகையில படுக்க வச்சுத்தான் கொண்டு வந்தோம். எனக்குப் பாதிச் சோத்துலயே கை நின்னு போச்சு.

ஃபேக்டரி மாடியில கொழுந்து வாட்டுற பழைய சணல் தட்டுங்க சும்மா கிடந்துச்சு. டிரெய்லருக்கு நாலு பக்கமும் கம்பி நிறுத்தி, இடுப்பு உயரத்துல அந்தத் தட்டைக் கட்டி மேல் பலகையாக்கினேன். கீழ ஒரு அடுக்கு, மேல ஒரு அடுக்கு, மிதிக்க இடமே கிடையாது. பின்னாடி ஓரத்துல பொம்பளைங்க உக்கார மட்டும் இடம் விட்டேன். ரங்கசாமி தானா வந்து கம்பி பிடிச்சார். கடைசியில பாக்கியம் ஏறி நின்னு தட்டை அழுத்திப் பார்த்தா.

"இப்ப இதுல நானே படுத்துக்கிட்டு வருவேன்."

ஏன் லேட்டு

கடைசி நாள் சாயங்காலம். மழை. ஃபேக்டரி வாசல்ல நான், டீமேக்கர், குடை பிடிச்சுக்கிட்டுத் தொரை. டிராக்டர் வர்ற நேரம் தாண்டிப் போச்சு. தொரை வாட்ச்சைப் பார்க்கிறார். அச்சு போச்சா, பட்டை ஒடிஞ்சுதான்னு நான் ரோட்டை எட்டி எட்டிப் பார்க்கிறேன். மண்வெட்டிப் பிடி இப்பவே உள்ளங்கையில உறுத்துற மாதிரி இருந்துச்சு.

ஒருவழியா வந்துச்சு. வண்டி முழுசா இருந்துச்சு. டீமேக்கர் கீழ் அடுக்குல முழங்கை வரைக்கும் கைய விட்டு, நடுவுல இருந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார். பச்சை. மேல் அடுக்கும் பச்சை. அதைத் தொரை கையில குடுத்தார். தொரையும் மோந்து பார்த்தார். ஆனா அவர் முகம் இளகல. கொழுந்து சரி, வண்டி ஏன் லேட்டு, வழியில என்ன ஒடிஞ்சுதுன்னு ரங்கசாமியை அதட்டினார். ரங்கசாமி என்னை ஒரு பார்வை பார்த்தார், தலையைச் சொறிஞ்சார்.

"ஒண்ணும் ஒடியலீங்க தொரை. ஆறாம் நம்பர் ரோட்டுல பின்னாடி ஒரு சத்தத்தையும் காணோம், டிரெய்லர் கழண்டு போச்சோன்னு நிறுத்தி எறங்கிப் போய்ப் பார்த்தேனுங்க. பார்த்தா, அத்தனை பொம்பளைங்களும் தூங்கிட்டு இருக்காங்க."

மறுநாள் என் பேரு ஒர்க்‌ஷாப் லிஸ்டுல ஏறிடுச்சு, ஆனா தொரை கேட்ட சர்டிபிகேட் இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட கிடையாது, ஆறாம் நம்பர் ரோடு வந்ததும் தெரியாம போனதும் தெரியாம குறட்டை விட்ட அந்தப் பொம்பளைங்களைத்தான் நான் சர்டிபிகேட்டாக் காமிச்சுக்கிட்டு இருக்கேன்.