எல்லாரும் வெளிய வாங்க!

அவள் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, கேட் செக்யூரிட்டி எனக்குப் பதிலாக அவளுக்குப் போன் போட்டார். ஒன்பது வருஷமாக அந்த மனுஷன் என் நம்பரைத் தவிர வேறு நம்பரை அழுத்தியதே கிடையாது. "யக்கா, பிரிண்ட் வர்ல", "யக்கா, லாரி நம்பர தப்பா அட்ச்சிட்டேன்" என்று எதற்கெடுத்தாலும் நான்தான். நானும் சலித்துக்கொண்டேதான் போனை எடுப்பேன். அந்தச் சலிப்பு எவ்வளவு சுகம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்து மேசையில் அவள் சிரித்துச் சிரித்து அவருக்கு வழி சொல்லச் சொல்ல, எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்ப்படம் செய்கிற கம்பெனி எங்களுடையது. செவ்வாப்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பெரியபாளையம், புதுவாயல் சுற்றிப் போய்ச் சேர்வேன். டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தவள் நான். பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. தட்டுத் தடுமாறி நானே கற்றுக்கொண்டு, லாரிகளுக்குக் கேட் பாஸ் போடும் புரோகிராமை நானே செய்தேன். அதன் திரைகள் அவரவர் கம்ப்யூட்டரில் இருக்கும். திரையில் தெரிகிற விவரமெல்லாம் உள்ளறையில் இருக்கும் ஒரே சர்வரில் இருக்கும். பன்னிரண்டு மேசையிலிருந்து பன்னிரண்டு பேர் ஒரே பட்டியலில் எழுதுவார்கள். கம்பெனியில் நான் யார் என்று யாராவது கேட்டால், "புரோகிராம் போட்ட மேடம்" என்று சொல்வார்கள். அதைக் கேட்கத்தான் நான் தினமும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து பொன்னேரியில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிட இரண்டு வயசுதான் சின்னவள். ஆனால் கம்ப்யூட்டரை முறையாகப் படித்தவள். அதற்கு முன் ஆந்திரா எல்லை தாண்டி ஒரு கம்பெனியில், மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, நாலு வருஷம் ஹாஸ்டலில் கிடந்தாள். "இந்த வேலை நெலைச்சிதுன்னா தெனமும் பொண்ணுக்கு நானே தலை பின்னி வுடுவேன்க்கா" என்று முதல் நாளே சொன்னாள். ஆறு மாசம் ப்ரொபேஷன். முடிவில் மேனேஜர் கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். போடாவிட்டால் மறுபடி ஹாஸ்டல்தான்.

எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். அவள் சாப்பாட்டுக் கூடையைத் திறந்தால் இறால் தொக்கு வாசனைக்கு ஆபீசே அங்கே கூடும். என் சாம்பார் சாதத்தை நான் தனியாகத் தின்பேன். மேனேஜர் ஒரு தடவை, "அந்தம்மா சட்டுனு புரிஞ்சிக்கிறாங்க மேடம்" என்று என்னிடமே வந்து சொன்னார். எப்படி இருக்கும் எனக்கு?

இந்தச் சமயத்தில்தான் புரோகிராம் அடிக்கடி நிற்க ஆரம்பித்தது. சேமிக்கப் போனால் மணல்கடிகாரம் சுற்றும், அப்படியே உறையும், பிறகு வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு செய்தி வரும். கேட்டில் லாரிகள் வரிசை கட்டும். எங்கள் ஆபீசில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. டிஸ்பேட்ச் அண்ணன் எழுந்து நின்று, தொண்டை கிழிய, "எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்துவார். எல்லோரும் புரோகிராமை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நான் வரிசையாக ஒவ்வொரு மேசைக்கும் போய், "மூடிட்டியா? நீ?" என்று பார்ப்பேன். அப்படியும் விடாவிட்டால் உள்ளே போய்ச் சர்வரையே நிறுத்திப் போடுவேன். எல்லோர் திரையையும் பார்த்த நான் என் திரையை ஒரு நாளும் மூடியதில்லை. சோதிக்கிறவள் பையை யார் சோதிப்பார்கள்?

அதுவரை எப்போதாவது ஒரு தடவை நின்ற புரோகிராம், அவள் வந்ததிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை நின்றது. ஊருக்கே காரணம் தெரிந்துவிட்டது. "அந்தம்மா வந்தாங்க, பேஜாரு வந்துச்சி" என்றார் டிஸ்பேட்ச் அண்ணன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவள் கை வைத்ததெல்லாம் பொன்குடமாகிவிட்டது. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னா மேடம் நெனைக்கிறீங்க?" என்றார். "அவ வந்த அப்புறம்தான் சார்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது நாக்கில் சர்க்கரை கரைந்தது.

அவளோ என்னிடம் வந்து, "சர்வருல யாரு யார புடிச்சி நிறுத்தினு கீறாங்கன்னு பாக்கலாம்க்கா. பாஸ்வேர்டு மட்டும் குடுங்க, அஞ்சே நிமிஷம்" என்று கேட்டாள். "அது எங்கிட்டயே இருக்கட்டும்" என்று முகத்தில் அடித்தது போலச் சொன்னேன். நானும் பார்க்கவில்லை. அவள்தான் காரணம் என்று தெரிந்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது என்ற திமிர்.

பாஸ்வேர்டைக் கொடுக்காத நான், அவளைக் கண்காணிக்காமல் மட்டும் இருக்கவில்லை. எந்தப் பதிவை யார் கடைசியாகத் தொட்டது என்று காட்டுகிற பெரிய பட்டியல் ஒன்று என் திரையில் மட்டும் உண்டு. புதியது மேலே வரும். காலையில் வந்ததும் அதைத் திறந்துவிடுவேன். மேலே அவள் பெயர் எத்தனை தடவை வருகிறது, என் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவேன். தப்பு ஏதாவது செய்தாளா என்று தோண்டுவேன். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை அதை மூட மாட்டேன். சர்வரை நிறுத்திப் போட்டால்கூட அடுத்த நிமிஷம் மறுபடி திறந்துவிடுவேன். பார்க்கப் பார்க்க எரியும், எரிய எரியப் பார்ப்பேன்.

அப்புறம் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் போனால் டிஸ்பேட்ச் அண்ணன் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். "யக்கா, ரெண்டு நாளா ஒரு வாட்டி கூட நிக்கல, தெரியுமா? தொண்டைக்கு ரெஸ்ட்டு!" எனக்குச் சுரீரென்றது. நான் இல்லாவிட்டால் நன்றாக ஓடுகிறதா? அப்படியென்றால் நான் எதற்கு? கோபத்தோடு உட்கார்ந்து வழக்கம்போல என் பட்டியலைத் திறந்தேன். பத்தே நிமிஷம். "நின்னுச்சி!" என்று குரல் வந்தது.

என் பட்டியலா காரணம்? பட்டியலைக் கடைசி வரிவரை இழுத்தேன். "ஆங், வந்துச்சி" என்றார் அண்ணன். மூடித் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. கடைசி வரிக்கு இழுத்தேன். மறுபடி ஓடியது.

ரேஷன் கடையில் ஒருத்தி பையை விரித்து, பாதி அரிசி விழுந்ததும் பக்கத்து வீட்டுக்காரியோடு கதைபேச ஆரம்பித்தால் என்ன ஆகும்? அளப்பவர் படியோடு நிற்பார், பின்னால் வரிசை நிற்கும். என் பட்டியல் அதைத்தான் செய்தது. திரை நிறைய வரிகள் வந்ததும் எனக்குப் போதும். எனக்கு வேண்டியது மேலேதானே இருக்கிறது, அவள் பெயர். மிச்ச வரிகளை ஏந்திக்கொண்டு சர்வர் காத்துக் கிடந்தது. நான் வாங்கி முடிக்கும்வரை அந்த இடத்தில் வேறு யாரையும் எழுத விடவில்லை. அவள் வந்ததால்தான் நின்றது என்பது உண்மைதான். அவள் வராவிட்டால் நான் அந்தப் பட்டியலை நாள் முழுக்கத் திறந்து வைத்திருப்பேனா?

யாரிடமும் மூச்சு விடவில்லை. பட்டியலை மூடினேன், அவ்வளவுதான். அவளுக்கு ஆறு மாசம் முடிய இரண்டு வாரம் இருந்தது. மேனேஜர் மனசில் அவளை வேண்டாமென்று எழுதும் எண்ணம் இருந்தது எனக்குத் தெரியும். அதற்கு எண்ணெய் வார்த்தவளே நான்தானே. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். மகளுக்கு இங்கேயே பள்ளிக்கூடத்தில் இடம் பார்த்திருப்பதாகச் சொன்னாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு வாரம் புரோகிராம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் மேனேஜர் அதைப் பேச்செடுத்தார். "இந்தப் பேஜார இங்க கொண்டாந்ததே அந்தம்மாதான். அவங்களே ஏதோ சரி பண்ணிட்டாங்கபோல. வெச்சிக்கிறதா, அனுப்புறதான்னு இன்னிக்குச் சொல்லணும்" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஒன்னும் பண்ணல சார்" என்றாள். யார் கேட்டார்கள்? டிஸ்பேட்ச் அண்ணன், "யார் கெடுத்தா இன்னா சார், சரி பண்ணது அவங்கதான! கை தட்டுங்கப்பா" என்றார். எல்லோரும் தட்டினார்கள். கேட் செக்யூரிட்டிகூட வாசலில் நின்று தட்டினார்.

அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. அவள் வேலை போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்த எனக்கு, என் வேலைக்கு அவள் பெயர் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும். "அவ ஒன்னும் பண்ணல! நான் மூடுனேன், அதான் நிக்காம ஓடுது!" என்று கத்திவிட்டேன்.

"இன்னாத்த மூடுனீங்க மேடம்?" என்றார் மேனேஜர்.

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பட்டியல், கடைசி வரி, இத்தனை மாசமாக நின்றதெல்லாம் என் மேசையிலிருந்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எதற்காக அதைத் திறந்து வைத்திருந்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். மேனேஜர் மெல்ல, "ஒரு பொண்ணு வேலை போவக்கூடாதுன்னு சபைல தப்ப ஒத்துக்கினீங்க பாருங்க, அதான் மேடம் சீனியர்ன்றது" என்றார். அன்று மதியமே அவளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. "எனக்காவ அவ்ளோ பேர் முன்னாடி சொன்னீங்களேக்கா. சத்தியமா சொல்றேன், உங்க எடத்துல நானா இருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன். வாய மூடிக்கினு இருந்திருப்பேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கப்பட்டாவது இருக்கலாம். ஆனால் அப்பாடா, ஒரு விஷயத்திலாவது இவள் எனக்குக் கீழே என்று என் பாழாய்ப்போன மனசு குதித்தது. "அதெல்லாம் பெரிய விஷயமா, வுடும்மா" என்றேன்.