கடைசி வண்டி மணி

பதினெட்டு வருஷமாக ஒரு கோபத்தை நான் கீழே இறக்கி வைக்கவில்லை. நவம்பர் மாதம், காலை நேரம், கொட்டுகிற மழை. கையில் ஒரு சைக்கிள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருகிறேன். ஓட்டுகிற இடத்தில் மிரேய் பெராஷோன் என்கிற அம்மா. கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார். தலைக்கு மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் பஸ் அது. சத்தமே போடாமல் என்னை விட்டுவிட்டுப் போனது.

பிற்பாடு பழக்கமானதும் கேட்டேன். "ஏழு நாப்பத்திரெண்டு வண்டி. நீ வந்தது ஏழு நாப்பத்திமூணு. உள்ள முப்பத்தொம்பது பேரு நேரத்துக்கு வந்து உக்காந்திருந்தாங்க. உன் ஒருத்தனுக்காக அத்தனை பேரும் ஏன்யா லேட்டாப் போகணும்?" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. நானும் மன்னிக்கவில்லை.

இப்போது அதே அம்மா தினமும் காலை எட்டு பத்துக்கு என் பட்டறை வாசலில் நிற்கிறார். எட்டு ஒன்பதும் கிடையாது, எட்டு பதினொன்றும் கிடையாது. லியோனில் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு வாங்கினவர், அடுத்த வசந்தத்திலேயே பேட்டரி சைக்கிளில் ஏறி, வெளியூர்க்காரர்களுக்குப் பழைய ஊரைச் சுற்றிக்காட்டும் ஒரு கம்பெனியில் வேலைக்கு வந்துவிட்டார். கம்பெனியின் ஒன்பது வண்டிகளும் என் பட்டறையில்தான் நிற்கின்றன. எட்டு வருகிறவர்களுக்கு, ஒன்று அவருக்கு. பஞ்சர், பிரேக், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது எல்லாம் என் தலையில்.

வயது ஐம்பத்தொன்பது. குட்டையான, அகலமான உடம்பு. தலைமுடியைச் சமையல் கத்தரியால் தானே வெட்டிக்கொள்வார், அது பார்த்தாலே தெரியும். பஸ் காலத்து நீலக் கம்பளிச் சட்டையைத்தான் இன்னும் போடுகிறார். மார்பில் இருந்த முத்திரையைப் பிரித்தெடுத்துவிட்டார், தையல் தடம் மட்டும் சதுரமாக நிற்கிறது. அவர் வண்டியில் இரண்டு பக்கமும் கண்ணாடி. ஸ்கூட்டரிலிருந்து கழற்றியவை, சாப்பாட்டுத் தட்டு அகலம். அழகாக இல்லையே என்று ஒருநாள் வாய்விட்டேன். "அழகு வேணும்னா மீசையை ஒதுக்கு" என்றார்.

வந்ததும் ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அழுத்துவார். நான் காற்று பிடித்து முடித்து, அளவும் பார்த்து வைத்திருப்பேன். அது அவருக்குக் கணக்கில்லை. "டிரைவரம்மா, இன்னைக்கு எத்தனை டிக்கெட்?" என்று கேட்பேன். "எட்டு. ரெண்டு பொய்க்காரங்க" என்பார். ஆட்களைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார், அனேகமாகச் சரியாக இருக்கும்.

பொய்க்காரர் என்றால், சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள். ஆகவே மிரேய் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. வண்டியைக் கையில் கொடுத்து, பட்டறை முற்றத்தின் உருண்டைக் கற்கள்மேல் கிணறுவரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வரச் சொல்வார். ஒருவர் கண் முன்சக்கரத்தின்மேலேயே இருக்கிறதா, அவர் தனக்கு நேர் பின்னால். தள்ளும்போதே கையை வீசிப் பேசுகிறாரா, அவர் நடுவில். ஒன்றும் பேசாமல், மற்றவர் இடித்துவிடாதபடி ஒதுங்கி வருகிற ஆள் ஒருவர் எப்படியும் இருப்பார். அவருக்கு மஞ்சள் மேற்சட்டையை மாட்டிக் கடைசி வண்டியைக் கொடுப்பார். "நீங்கதான் கண்டக்டர். ஒரு மணி அடிச்சா நான் நிப்பேன். ரெண்டு அடிச்சாப் போவேன். நீங்க அடிக்காம நான் நகர மாட்டேன்." ஒரு நீதிபதி, பெரிய டாக்டர், ஒரு ஓபரா பாடகி எல்லாரும் அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிப்பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் சொல்லும் சரித்திரத்தில் தேதி இருக்காது. ஏறினவன், இறங்கினவன் மட்டும்தான். ஃபூர்வியேர் குன்றின் உச்சியில் நிறுத்தி, ரோமாபுரிக்காரனைப் பற்றிச் சொல்வார்: "இந்த ஸ்டாப்புலதான் ஏறினான். நானூறு ஐநூறு வருஷம் சீட்டை விட்டு எந்திரிக்கல. தண்ணிக்குழாய் ஈயத்தை எவனோ பேத்துட்டுப் போனான், தாகம் தாங்காமக் கீழ ஆத்தங்கரைக்கு இறங்கிட்டான்." இத்தாலிய வட்டிக்காரன் பணப்பையோடு ஏறி, வீட்டை மட்டும் கட்டி வைத்துவிட்டு இறங்கினவன். பட்டு முதலாளிக்கு முன் சீட்டு, நெய்கிறவன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தான். இதைக் கேட்டு ஒரு பேராசிரியர் முகத்தைச் சுளித்திருக்கிறார். அடுத்த இடத்தில் நீங்களே சொல்லுங்கள் என்று மிரேய் அவரிடமே விட்டுவிட்டார். அவர் பதினைந்து நிமிஷம் பேசினாராம். ஒருவர் செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். அதற்கடுத்த இடத்தில் பேராசிரியரே, நீங்கள் சொல்லுங்கள் அம்மா என்று ஒதுங்கிக்கொண்டார்.

என் பட்டறை இருக்கிற வீட்டுக்குள்ளேயே ஒரு நடை, இந்தத் தெருவில் நுழைந்தால் அந்தத் தெருவில் வெளியே விடும். வண்டிகளை அதன் வழியாகத்தான் தள்ளிப் போகவேண்டும். இரண்டாவது மாடியில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வரும் நர்ஸ் ஒருத்தி தூங்குவாள். அதனால் கதையெல்லாம் தெருவிலேயே முடிந்துவிடும், உள்ளே மூச்சு காட்டக்கூடாது. தள்ளும்போது பின் சக்கரத்தில் வரும் டிக் டிக் மட்டும்தான் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே மிரேய் எந்த வண்டி எது என்று சொல்வார். மத்தியானம் திரும்பி வந்து, கதவடியில் நின்றபடி, "உன் ஏழாம் நம்பர் தும்முது" என்பார். "நாலுக்கு வயிறு சரியில்ல." நான் பிரித்துப் பார்த்தால் தும்முகிற இடத்தில் தும்மல் இருக்கும். முப்பத்தைந்து வருஷமாக இந்த வேலை செய்கிறேன், எனக்குக் கேட்காதது அவருக்குக் கேட்டது.

அதனால்தான் ஏப்ரலில் நடந்தது எனக்கு உடனே உறைத்தது. மூன்று நாள் மழைக்குப் பிறகு, மூன்றாம் நம்பர் வண்டியின் பிரேக் கத்த ஆரம்பித்தது. பன்றியை அறுக்கிற சத்தம். குன்றிலிருந்து அது இறங்கி வருவது எனக்குப் பட்டறைக்குள் இருந்தபடியே கேட்டது. வந்திருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மிரேய் தலை எண்ணினார், எல்லாரையும் வழியனுப்பினார், வண்டிகளை வரிசையாக நிறுத்தினார். ஐந்தாம் நம்பர் சீட்டு ஆடுகிறது என்றார். மூன்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு கவனித்தேன். பேச்சு கேட்கிறது. லாரி கேட்கிறது. மெல்லிய, கூர்மையான சத்தம் எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. அவருக்கே அது தெரியவில்லை. நான் சொல்லவில்லை. சொன்னால் இந்த வேலை போகும், இது போனால் அந்த அம்மா காலை எட்டு பத்துக்கு எங்கே போவார் என்று தோன்றியது.

நேற்று மத்தியானம் அவர் வந்தபோது ரொட்டிப் பொட்டலம் பிரிக்காமல் கையிலேயே இருந்தது. பதினொன்று ஐம்பதுக்குச் சாசேஜ் ரொட்டி தின்னாத மிரேயை நான் பார்த்ததில்லை. முக்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். காலையில் கண்டக்டர் சட்டை டென்மார்க்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பல் டாக்டருக்கு. இறக்கத்தில் அவருக்குச் செயின் கழன்றது. சொல்லிக்கொடுத்தபடி ஒரு மணி அடித்திருக்கிறார். சந்து வளைகிற இடம், கண்ணாடியில் ஆள் தெரியாது. மிரேய் நிற்கவில்லை. மற்ற ஏழு பேருக்கும் மணி கேட்டிருக்கிறது. முன்னால் போகிற அம்மா நிற்கவில்லை, ஆகவே நிற்கவேண்டிய மணி இல்லை போலிருக்கிறது என்று அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். இரண்டு திருப்பம் தாண்டித் தலை எண்ணினால் ஏழு.

ஏழு பேரையும் சுவரோரம் நிற்கவைத்துவிட்டு மேட்டில் திரும்ப ஏறினாராம். பல் டாக்டர் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் செயின் மை. அந்த வீட்டு அம்மாள் கொடுத்த சர்க்கரைப் பாதாம் பதித்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். கோபமே இல்லை. இந்தப் பயணத்திலேயே நல்ல இடம் இதுதான் என்றாராம்.

"திட்டியிருக்கலாம்யா அந்த மனுஷன்" என்றார் மிரேய். "இருபத்திரெண்டு வருஷம், இங்க ஏழு வருஷம். ஒருத்தரை நான் நடுவுல விட்டதில்ல. மணி அடிச்சேன்னு சொல்றாரு. பொய் சொல்ற மூஞ்சி இல்ல அது."

அடித்திருப்பார், உங்களுக்குத்தான் கேட்டிருக்காது என்றேன். மூன்றாம் நம்பர் பிரேக்கைப் பற்றியும் சொன்னேன்.

அவர் முற்றத்துக்கு மேலே தெரிந்த வானத்தைப் பார்த்தார். அங்கே குருவிகள் கீச்சிட்டுக்கொண்டு வட்டமடித்தன. "இந்த வருஷம் குருவி குறைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ஏப்ரல்லேர்ந்து."

"ஆறு வாரம். பிரேக் போன வண்டியை ஆறு வாரம் ரோட்டுல விடுவியாய்யா நீ?"

மாட்டேன். அது அவருக்கும் தெரியும். நான் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தேன், கை சுத்தமாகத்தான் இருந்தது.

கத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய் எட்டு வண்டிகளையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தச் சொன்னார். ஓட்டும்போது விடுகிற இடைவெளி எவ்வளவோ அவ்வளவு விட்டு, நடைக்குள்ளும் நீளும்படி. தன் வண்டியை முன்னால் சுவரைப் பார்த்து நிறுத்தி ஏறி உட்கார்ந்தார். பிறகு, நான் சொல்லாமலே, இரண்டு கண்ணாடிகளையும் தரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார்.

"கடைசியிலேர்ந்து வா. ஒவ்வொண்ணா அடி. உன் பலத்தைக் காட்டாதே. அந்தப் பல் டாக்டர் மாதிரி அடி, கூச்சப்பட்டுக்கிட்டு. கேட்டா நான் கையைத் தூக்கறேன்."

எட்டாம் வண்டியில் அடித்தேன். கை எழவில்லை. இன்னொரு தடவை, சொன்னதை மீறிக் கொஞ்சம் ஓங்கி அடித்தேன். மாடியில் நர்ஸ் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மிரேயின் இரண்டு கையும் ஹேண்டில்பாரிலேயே இருந்தன. ஏழு. ஆறு. நீலச் சட்டை முதுகு அசையவில்லை. ஐந்தாம் வண்டிக்கு வந்தேன். அடித்தேன். கை எழுந்தது.

மூன்று தடவை செய்யச் சொன்னார். வரிசை மாற்றி அடிக்கச் சொன்னார். ஐந்து கேட்டது, ஆறு கேட்கவில்லை.

"இங்க சத்தமில்ல. தெருன்னா ஒண்ணு கழி" என்றார். "நாலு."

காது டாக்டரிடம் காட்டினால் கருவி ஏதாவது கொடுப்பார்களே என்றேன். காட்டத்தான் போகிறேன், ஆகஸ்டுக்கு முன்னால் எவன் நேரம் கொடுப்பான், நாளைக்குக் காலை வண்டி எடுக்கவேண்டியது நான்தானே என்றார்.

என் எதிரிலேயே கம்பெனிக்குப் போன் போட்டார், ஒலிபெருக்கியில். நாளையிலிருந்து ஒரு தடவைக்கு நாலு பேர்தான், காது போய்விட்டது, மிச்சப் பேருக்கு மத்தியானம் இன்னொரு சுற்று வருகிறேன் என்றார். சுற்றி வளைக்கவில்லை. கம்பெனிக்காரப் பையனுக்கு முப்பது வயது இருக்கும், கெட்டவன் இல்லை. திணறினான். மத்தியானத்துக்கு வேறு கூட்டம் இருக்கிறது, நாலு பேருக்கெல்லாம் ஒரு ஆளை வைத்துக்கொள்ள முடியாது, ஜூன் கடைசிவரை பார்க்கலாம், அப்புறம் வேறு ஆளைத்தான் போடவேண்டியிருக்கும் என்றான். சரி தம்பி என்றார். அவன் கொஞ்சம் இறங்கி வந்தான். நாளைக்கு எட்டுப் பேர் பதிந்துவிட்டார்கள், ஒரு குடும்பம், எழுபதாவது பிறந்தநாளுக்காக வருகிறார்கள், நாளைக்கு மட்டும் எட்டுப் பேரையும் கூட்டிப் போய்விடுங்கள் அம்மா, மழைகூட இல்லை என்று கெஞ்சினான்.

அவர் வரிசையாக நின்ற எட்டு வண்டிகளையும் ஒரு தடவை பார்த்தார். நாலு என்று திரும்பச் சொல்லிப் போனை வைத்தார்.

பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். ஒவ்வொரு வண்டியின் பேட்டரிக்கும் ஒரு சாவி. வளையத்தை நகத்தால் நெம்பி, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று நாலு சாவிகளைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். என் பக்கம் தள்ளினார்.

"நாளைக்குக் காலைல எட்டு பேரும் வந்து நிப்பாங்க. பொறந்தநாள்காரர் மூஞ்சியைப் பாத்ததும் எனக்கு மனசு கேக்காது. உன்கிட்ட வந்து கேப்பேன். நான் கேட்டாலும் குடுக்காதேய்யா."